டியாகோ கார்சியாவின் சாவி

அமெரிக்கா எந்த நாட்டைப் பிடித்து ஆள்கிறது, அதைப் போய்ப் பேரரசு என்கிறீர்களே என்று நண்பர் ஒருவர் விடாமல் கேட்கிறார். அவருக்காக ஒரே ஒரு தீவு.

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கிடக்கிறது டியாகோ கார்சியா. பெயரளவில் பிரிட்டிஷ் மண். புழங்குவது டாலர். வண்டிகள்கூட அமெரிக்க வழக்கப்படி சாலையின் வலப்பக்கமே ஓடுகின்றன.

மொரீஷியஸ் 1968இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்ட பிரிட்டன், 1966இல் ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. வாடகை இல்லை, பதிலுக்கு அமெரிக்காவிடம் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலர் ரகசியத் தள்ளுபடி. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆனால் அமெரிக்காவுக்குக் குடிமக்கள் இல்லாத தீவுதான் வேண்டியிருந்தது. தென்னந்தோப்புகளில் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த 1,500 பேருக்கு மேல் 1973க்குள் அந்தத் தீவுகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். டியாகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்றது; ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆமோதித்தன, எதிர்த்தவை ஆறு. தளத்தில் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கனடாவை நோக்கிக் கிளம்பி, வழியில் படகு பழுதாகித் தத்தளித்த இலங்கைத் தமிழர்களை 2021 அக்டோபரில் இந்தத் தீவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலிக்குள் கூடாரங்கள், கூடாரங்களுக்குள் எலிகள், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. அவர்கள் வழக்கை நேரில் விசாரிக்க, அந்தப் பிரதேசத்துக்கான பிரிட்டிஷ் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீவுக்குப் புறப்பட இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அனுமதி மறுத்தது, பயணம் ரத்து. பிரிட்டிஷ் மண்ணில் கால்வைக்கப் பிரிட்டிஷ் நீதிபதிக்கு அமெரிக்காவின் தயவு வேண்டியிருந்தது, நண்பரே. செப்டம்பரில்தான் போக முடிந்தது. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, பெரும்பாலோர் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தீவுகள் மொரீஷியஸுக்கே உரியவை என்கிறது. டியாகோ கார்சியா மட்டும் பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகை. மற்றத் தீவுகளில் சாகோஸ் மக்களைக் குடியேற்றலாமாம். டியாகோ கார்சியாவில் கூடாது.