யார் மகன்?

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பாம்பன் கரையில் ஏற்றி வைத்திருந்த விசைப்படகுகளின் நிழலில் நாங்கள் சிலர் உட்கார்ந்திருந்தோம். கீழக்கரையிலிருந்து கருவாடு எடுக்க வருபவரும் நான் காக்கா என்று அழைப்பவருமான என் நண்பர், நெடுநாள் பழக்கத்தின் உரிமையோடு ஒரு கேள்வி கேட்டார். “வாத்தியாரே, நீங்கள் ஈஸா நபியைக் கடவுள் என்கிறீர்கள், கடவுளின் மகன் என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒருவர் தனக்குத் தானே எப்படி மகனாக இருக்க முடியும்?” முஸ்லிம்கள் இயேசுவை ஈஸா நபி என்பார்கள்.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவன் என்பதால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. எதிரே நாட்டுப்படகுக்காரர்கள் இறக்கி வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் காட்டி, ஐஸ், தண்ணீர், நீராவி என்று மூன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றுதானே, கடவுளும் அப்படித்தான் என்றேன். காக்கா அந்தப் பெட்டியையே சிறிது நேரம் பார்த்தார். அதன் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் குழி விழுந்திருந்தது. “ஐஸ் உருகிவிட்டால் அங்கே ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஈஸா நபி மலையில் ராமுழுக்க துஆ (வேண்டுதல்) கேட்டார் என்று உங்கள் வேதத்திலேயே இருக்கிறதாமே. ஐஸ் எப்படி வாத்தியாரே தண்ணீரிடம் துஆ கேட்கும்?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாதத்தில் தோற்றது கூடப் பெரிதல்ல. எங்கள் திருச்சபையின் அளவுகோலின்படியே அவர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்பதுதான் உறுத்தியது. ஒரே கடவுள் ஒரு நேரம் தந்தையாகவும் ஒரு நேரம் மகனாகவும் வேடம் மாற்றித் தோன்றுகிறார் என்ற போதனை மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அதைச் சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் குறிப்பிட்டுத் திருச்சபை அப்போதே தள்ளிவிட்டது. அதைத்தான் நான் இத்தனை ஆண்டுகள் ஐஸ் கட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில், காக்கா கேட்டபடி இயேசு தமக்குத் தாமே மகன் என்று எந்தக் கிறிஸ்தவரும் அறிக்கையிடுவதில்லை. நாங்கள் பூசையில் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் ‘ஒரே கடவுள்’ என்று தொடங்கி, மூச்சு விடாமல் ‘எல்லாம் வல்ல தந்தை’ என்கிறது. புதிய ஏற்பாட்டில் ‘கடவுள்’ என்ற சொல் பெரும்பாலும் தந்தையையே குறிக்கும். ஆகவே ‘கடவுளின் மகன்’ என்றால் தந்தையின் மகன் என்று பொருள். தந்தை வேறு, மகன் வேறு. மகன் தந்தையிடம் வேண்டுகிறார், தந்தை மகனை அனுப்புகிறார். ஆனால் தந்தை எதுவாக இருக்கிறாரோ அதுவாகவே, அதில் ஓர் இம்மியும் குறையாமல், மகனும் இருக்கிறார் என்பதுதான் அவரைக் கடவுள் என்று சொல்வதன் பொருள். நாம் இந்த இரண்டையும் ஒரே மனிதருக்குச் சூட்டிய இரண்டு பட்டங்களைப் போல நினைத்துக்கொள்கிறோம். என் புரிதலில், அவர் எவ்வாறு கடவுளாக இருக்கிறார் என்பதைச் சொல்லும் சொல்லே ‘மகன்’. மகனாக இருப்பதால்தான் அவர் கடவுள்.

இதை விளக்க எனக்கு ஐஸ் பெட்டி தேவைப்பட்டிருக்கவே வேண்டாம். எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே படகு கட்டும் தச்சரான ஓடாவி ஒருவர், பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் பக்கத்தில் திரியை முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பாதிக் கவனம் கைப்பேசியில் இருந்ததால் திட்டும் வாங்கிக்கொண்டிருந்தான். ஓடாவி செய்த படகு எத்தனை புயலைத் தாங்கினாலும் அது மரம்தான். அவருக்குப் பிறந்த பையன் ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாதவனாக இருந்தாலும், அப்பனைப் போல முழு மனிதன். செய்யப்பட்டது செய்தவரிலிருந்து வேறுபட்ட பொருளாக இருக்கும். பிறந்தது பெற்றவரின் பொருளாகவே இருக்கும். மகன் ‘பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்று நிசேயாவில் கூடிய ஆயர்கள் 325-இல் எழுதி வைத்ததற்கு இதற்கு மேல் உரை எழுத எனக்குத் தெரியவில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். ஓடாவியும் மகனும் இரண்டு மனிதர்கள் ஆயிற்றே, அப்படியானால் இரண்டு கடவுளா? மனிதப் பிறப்பில் உடல் இருக்கிறது, தாய் இருக்கிறாள், காலம் இருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதும் இருக்கிறது. கடவுளுக்கு உடலில்லை, காலமில்லை, அவர் துண்டுபடுவதும் இல்லை. ஆகவே ‘பிறப்பு’ என்ற சொல்லிலிருந்து இவற்றையெல்லாம் உரித்து எடுத்துவிட வேண்டும்; எடுத்த பின் மிஞ்சுவது ‘அவரிடமிருந்து வந்தவர், அவராகவே இருப்பவர்’ என்ற உறவு மட்டுமே. இந்த இடத்தில் பிறப்பு உவமை நொண்டும் என்று தெரிந்துதான் அதே அறிக்கை ‘ஒளியினின்று ஒளி’ என்று அடுத்த உவமைக்குத் தாவுகிறது. பாம்பன் கலங்கரை விளக்கில் விளக்கு எரியும் கணத்திலேயே வெளிச்சமும் இருக்கிறது. விளக்கு முந்தி, வெளிச்சம் பிந்தி என்று யாரும் கணக்குப் போட முடியாது. எபிரெயர் நிருபம் மகனை ‘மகிமையின் பிரகாசம்’ என்பதும் இந்தப் பொருளில்தான்.

நிசேயாவில் தோற்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் முட்டாள் அல்லர். ஆரியுஸ் அலெக்சாந்திரியா என்ற பெரிய துறைமுக நகரத்தின் குரு. தம் கருத்துகளைக் கப்பலோட்டிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி பாட்டாகக் கட்டிக் கொடுத்தார் என்று பிலோஸ்டோர்கியுஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். (பாட்டாக வந்தால் கடலுக்குப் போகிறவர்கள் எதையும் மறக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.) கடவுள் ஒருவரே, அவர் பிறவாதவர், மகன் பிறந்தவர் என்றால் அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்திருக்க வேண்டும், எனவே மகன் படைப்புகளிலெல்லாம் உயர்ந்த படைப்பு என்பது அவர் வாதம். கேட்பதற்கு மிக நேர்மையாக இருக்கிறது. இன்றும் பூசைக்கு வருகிறவர்களைத் தனித்தனியாக நிறுத்திக் கேட்டால் பலர் இதையேதான் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதற்கு அத்தனாசியுஸ் கொடுத்த மறுமொழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நிசேயாவுக்குத் தியாக்கோனாக, அதாவது குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளராகச் சென்றவர் அவர். பின்னர் ஆயராகி ஐந்து முறை நாடுகடத்தப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் அலைந்தவர். அவர் வாதம் இது: ஒருவனுக்குப் பிள்ளை பிறக்கிற அன்றுதான் அவன் அப்பன் ஆகிறான். அதுவரை அவன் வெறும் ஆள். கடவுளுக்கு மகன் ஒரு நாளில்தான் வந்தார் என்றால், அந்த நாள்வரை கடவுள் தந்தையாக இல்லை, அன்று அவர் மாறினார் என்று ஆகிவிடும். கடவுள் மாறாதவர் என்று ஆரியுஸும் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் தந்தை என்றும் தந்தையே, மகன் என்றும் மகனே. தமிழ் இலக்கணத்தில் முறைப்பெயர் என்போமே, அப்பன் என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் பிள்ளை என்ற சொல்லும் கூடவே நிற்கிறது அல்லவா. வாதத்தின் வலு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நிசேயாவுக்குப் பிந்திய பல பத்தாண்டுகள் நடந்த சண்டையோ கிரேக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. தமிழிலும் அது ஏறக்குறைய அப்படியே விழுகிறது: மகன் தந்தையோடு ‘ஒரே’ பொருளா, ‘ஒத்த’ பொருளா? ஒத்திருப்பது எத்தனை நெருங்கி வந்தாலும் வேறொன்றாகத்தான் இருக்கும் என்பதால் ‘ஒரே’ என்பதே நிலைத்தது.

சொற்களைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கடற்கரையில் கடவுளுக்கு வழங்கிய பெயர்கள் எத்தனை முறை மாறின என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். 1578-இல் கொல்லத்தில் அச்சான நூலுக்குத் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர். ஓரியூரில் 1693-இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த அருளானந்தர் என்ற குருவின் காலத்தில் ‘சருவேசுரன்’ என்றார்கள். பிறகு பராபரன், தேவன், கடவுள் என்று வந்தது. ஆனால் சுதன், குமாரன், மகன் என்று எப்படி மாற்றினாலும் பொருள் ஓர் அணுவும் அசையவில்லை. என் பாட்டி ‘பிதா சுதன்’ என்று நெற்றியில் சிலுவை போட்டுவிடும்போது, சுதன் என்பது யாரோ ஓர் ஆளின் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘தேவனுடைய குமாரன்’ என்று இருப்பதாலேயே இயேசு கடவுள் என்று நிரூபித்துவிடலாம் என்று மேடைகளில் சிலர் முழங்குவது எனக்கு உடன்பாடானதல்ல. யூதர்களின் வேதத்தில் இஸ்ரவேல் மக்களே கடவுளின் தலைமகன் எனப்படுகிறார்கள். தாவீதின் வழிவந்த அரசனும் மகன் எனப்படுகிறான். இயேசு அந்தச் சொல்லை எப்படி நிரப்பினார் என்பதே கேள்வி. எங்கள் கரையில் புதிய பையனைக் கண்டால் பெரியவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன் ‘நீ யார் மகன்?’ என்று கேட்பார்கள். மத்தேயு 22-இல் இயேசுவும் பரிசேயரிடம் மெசியாவைப் பற்றி அதையே கேட்கிறார்: அவர் யாருடைய மகன்? தாவீதின் மகன் என்கிறார்கள். அப்படியானால் தாவீது சங்கீதத்தில் அவரை ஆண்டவர் என்று அழைப்பது எப்படி என்று திருப்பிக் கேட்கிறார். மறுமொழி சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

யோவான் இன்னும் ஆழத்துக்குப் போகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில், “ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது” என்று முதல் வசனம் அஃறிணையில் நடக்கிறது. இரண்டாம் வசனமோ “அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்” என்று உயர்திணைக்கு மாறிவிடுகிறது. ‘தேவனிடத்தில்’ என்றால் இருவர். ‘தேவனாய்’ என்றால் ஒன்று. இரண்டையும் ஒரே வரியில் வைத்து, வார்த்தை என்பது ஓர் ஆள் என்பதை ‘அவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் உணர்த்திய அந்த மொழிபெயர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இராமேஸ்வரத்து நண்பர்கள், முருகன் சிவனுக்கு மகன் என்பது போலவா, அவதாரம் போலவா என்று அன்போடு கேட்பார்கள். மனிதாவதாரம் என்ற சொல் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. ஆயினும் நாங்கள் சொல்வது ஒரே ஒரு முறை நிகழ்ந்தது. அதில் எடுத்த மனிதத்தன்மையை அவர் பிறகு களைந்துவிடவும் இல்லை. அதற்கு மேல் ஒப்பிட நான் முனைவதில்லை.

சில நாள் கழித்துக் காக்கா மீண்டும் வந்தபோது இவ்வளவையும் சொன்னேன். கடவுளுக்கு மனைவியும் இல்லை, உடலால் பிள்ளை பெறுவதும் இல்லை என்று குர்ஆன் மறுக்கிறது என்றால், அந்த மறுப்பில் நாங்களும் உங்களோடுதான் நிற்கிறோம் என்றேன். ஈஸா நபியை அல்லாஹ்வின் வார்த்தை என்று குர்ஆனே சொல்வதையும், இறைவனின் பேச்சு படைக்கப்பட்டதன்று என்று சுன்னத் உலமாக்கள் வாதாடியதையும் நினைவூட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “வார்த்தை படைக்கப்படவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தை சோறு தின்றது, தூங்கியது என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தில் அவனைச் சிறு தூக்கமும் பிடிக்காது, உறக்கமும் பிடிக்காது என்று இருக்கிறது.”

இடிக்கிற இடத்தை அவர் சரியாகவே பிடித்திருந்தார். எங்கள் சங்கீதமும் இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை என்றுதான் சொல்கிறது. 451-இல் கால்செதோனில் கூடிய ஆயர்கள் இதற்காகத்தான் தலையை உடைத்துக்கொண்டார்கள்: ஒரே ஆள், இறைத்தன்மையும் முழுமை, மனிதத்தன்மையும் முழுமை, ஒன்றோடொன்று கலக்காமலும் மாறாமலும், பிரியாமலும் பிளவுபடாமலும். தந்தை என்னிலும் பெரியவர் என்று அவர் சொன்னதும், அந்த நாளை மகனும் அறியார் என்று சொன்னதும் இந்த முழு மனிதரின் வாயிலிருந்து வந்த சொற்கள் என்று பலர் கொள்கிறார்கள்; தந்தை ஊற்று என்பதால் பெரியவர் என்று கொள்வோரும் உண்டு. எனக்கு இரண்டும் ஏற்புடையவை.

காக்காவிடம் நான் கால்செதோனைப் பற்றிப் பேசவில்லை. மாற்கு நான்காம் அதிகாரத்தைத் திறந்து படித்தேன். பெரும் புயல், படகுக்குள் அலை மோதி நிரம்புகிறது, இயேசு படகின் பின்புறமான அமரத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்புகிறார்கள். இரையாதே, அமைதியாயிரு என்கிறார். கடல் அடங்குகிறது. இவர் யாரோ, காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகின்றனவே என்று படகிலிருந்தவர்கள் நடுங்குகிறார்கள். தூங்கியவரும் அடக்கியவரும் ஒருவர்தான் காக்கா, நாங்கள் சொல்வது அவ்வளவுதான் என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அமரத்திலா படுத்திருந்தார்? அந்தக் காற்றில் அங்கே எப்படித் தூக்கம் வரும்?” என்று கேட்டார்.

உளியைக் கீழே வைக்காமலே ஓடாவி திரும்பிப் பார்த்தார். “உடம்பு அலுத்துப் போச்சுன்னா எங்கேயும் வரும், காக்கா.”