ஆறு நிலைகளையும் பட்டியலிடுக

போன வாரம் எழுதிய உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள் இன்று கைக்கு வந்தது. முதல் கேள்வி: "புளூமின் வகைப்பாட்டிலுள்ள ஆறு நிலைகளையும் பட்டியலிட்டு விளக்குக."

எம்.எட். படிப்பில், அதுவும் இரண்டாம் ஆண்டில், இப்படி ஒரு கேள்வி! சிந்திக்கும் திறனை எளிதிலிருந்து கடினத்துக்கு ஆறு படிகளாக அடுக்கி 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூமும் அவருடைய குழுவினரும் போட்ட அந்த ஏணியின் அடிப்படியே, தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதுதான். ஏணியைப் பற்றிக் கேட்கிற கேள்வி அந்த அடிப்படியைத் தாண்டவில்லை. 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தி, உச்சியில் 'படைத்தல்' என்பதை வைத்தார்கள். நான் அதையும் சேர்த்து எழுதினேன். இரண்டு மதிப்பெண் போச்சு. பக்கத்தில் சிவப்பு மையில், "குறிப்பில் உள்ளபடி எழுதவும்."

எட்டு வருஷம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத்தான் இங்கே வந்தேன். சம்பளத்தை விட்டு, வீட்டில் எல்லோரையும் சமாளித்து, இன்னும் நன்றாகக் கற்பிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று. இங்கே என்ன நடக்கிறது? மாணவர் தாமே அறிவைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று உளவியலாளர்கள் பியாஜேயும் வைகோட்ஸ்கியும் சொன்னதை, இரண்டு மணி நேரம் ஒருவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார். நாங்கள் பார்ப்பது அவருடைய முதுகை.

கேள்வி கேட்டபின் ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், மூன்று விநாடி பொறுத்தால் மாணவரின் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்ததையும் நடத்தினார்கள். "ரோ எத்தனை விநாடி சொன்னார்?" என்று பாடம் நடத்தியவர் கேட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள் "மூன்று" என்று அவரே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. உள்மதிப்பீடு அவர் கையில் அல்லவா இருக்கிறது!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆய்வேடு விஷயம்தான் தாங்கவில்லை. சரியான நேரத்தில் தரும் பின்னூட்டம் கற்றலை எவ்வளவு உயர்த்துகிறது என்று கல்வி ஆய்வாளர்கள் பிளாக்கும் வில்லியமும் 1998-இல் சுமார் 250 ஆய்வுகளை அலசி எழுதினார்கள். பாடம் நடக்கும்போதே கற்றலைப் பார்த்துப் பின்னூட்டம் தருகிற வளரறி மதிப்பீடு என்று தனித் தாளே எங்களுக்கு இருக்கிறது. அந்தத் தாளை நடத்துகிறவர்தான் என் வழிகாட்டி. என் இரண்டாம் அத்தியாயம் அவர் மேசையில் நான்கு மாதம் தூங்கியது. திரும்பி வந்தபோது இருந்த பின்னூட்டம் மொத்தம் இரண்டு: இடப்பக்க ஓரத்தை அதிகமாக்கு, வரி இடைவெளியைச் சரிசெய். என் வாதம் சரியா, ஆய்வுக்கு நான் எடுத்த மாதிரிக் குழு போதுமா என்று ஒரு வார்த்தை இல்லை.

கருதுகோள் கதை தனி. குழந்தைகள் ஏன் வகுப்பில் கேள்வி கேட்க அஞ்சுகிறார்கள் என்பதைப் பார்க்க நினைத்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா, ஆண் பெண் வேறுபாடு இருக்கா இல்லையான்னு ஒரு டி-சோதனை போடு, சீக்கிரம் முடியும்" என்றார் வழிகாட்டி. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிற புள்ளியியல் கணக்கு அது. நூலக அலமாரியைப் பார்த்தால் வரிசையாக அதே தலைப்புதான், ஊரும் ஆண்டும் மட்டும் மாறியிருக்கும். புள்ளியியலில் வழக்கமான 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று ஒரு முடிவு, அவ்வளவுதான், பட்டம் கிடைத்துவிடும்.

நாளை 'பிரதிபலிப்பு நாட்குறிப்பு' ஒப்படைக்க வேண்டும். சொந்த அனுபவத்தைப் பற்றிச் சொந்தமாக யோசித்து எழுதுவதாம். போன ஆண்டு ஒருவர் எழுதியதை நகலெடுத்துக் கொடுத்து, இதே மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 20 பக்கம்.