கயிறு மட்டும் வரவில்லை

எங்கள் கல்லூரிக்கு ஃபைவ் எஸ் என்ற ஜப்பானியப் பணியிட ஒழுங்குமுறை வந்த வருடம் நன்றாக நினைவிருக்கிறது. பீரோ, ஸ்விட்ச் போர்டு, குப்பைக்கூடை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஸ்டிக்கர். செய்ரி, செய்டன், செய்சோ என்று தொடங்கும் ஐந்து ஜப்பானியச் சொற்களை அட்டெண்டரிலிருந்து முதல்வர் வரை மனப்பாடம் செய்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் டொயோட்டாவைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார். ஆனால் டொயோட்டா ஆலையில் தொங்கிய கயிற்றைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆண்டான் கயிறு என்பார்கள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் காகித விளக்கு என்று பொருள். வேலையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். நகர்ந்துகொண்டிருக்கும் வண்டி குறித்த இடத்தை எட்டுவதற்குள் சரியாகாவிட்டால் மொத்த உற்பத்தி லைனும் நின்றுவிடும். பெயர்தான் ஆண்டான், இருப்பதோ அடிமட்டத்தில் இருப்பவன் கையில்.

"கல்லூரி என்ன ஃபேக்டரியா?" என்று சக ஆசிரியர்கள் கொதிப்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 18 வருடம் ஓட்டியவன் நான். மளிகைக்கடை கல்லாப்பெட்டி மாதிரி நடக்கும் நிர்வாகத்துக்கு ஒழுங்கான மேலாண்மை முறை வந்தால் நல்லதுதான். ஆனால் வந்ததெல்லாம் கீழே இருப்பவனை அளக்கும் அளவுகோல்கள். மேலே இருப்பவரைக் கட்டுப்படுத்தும் பாதி, வரும் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது.

டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் என்று அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒரு பேப்பர் உண்டு. நானே சில வருடம் எடுத்திருக்கிறேன். 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தரத்தைப் பற்றி வகுப்பெடுத்த அமெரிக்கர் டெமிங்கின் 14 கொள்கைகள், பையன்கள் உருப்போடும் பதினாறு மார்க் கேள்வி. அதில் ஒன்று, அச்சத்தை விரட்டு. இன்னொன்று, எண்ணிக்கை இலக்குகளை ஒழி. வருடாந்தர மதிப்பெண் போட்டு ஊழியரைத் தரம் பிரிப்பதை அந்த மனிதர் கொடிய நோய்களின் பட்டியலில் வைத்தார். இதையெல்லாம் போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நான் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் மேஜையில் அப்ரைசல் படிவம் காத்திருக்கும். பாஸ் பர்சன்டேஜ் எவ்வளவு, ஜர்னல் பேப்பர் எத்தனை, இந்த வருடம் எத்தனை அட்மிஷன் பிடித்தீர்கள்? ஆமாம், அட்மிஷனும்தான். ஏப்ரல், மே வெயிலில் பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டுப் படி ஏறுவதும் எங்கள் கீ பெர்ஃபார்மன்ஸ் இண்டிகேட்டர். எதிர்த்துப் பேசலாம் என்றால், எங்கள் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் ஆபீஸ் பீரோவில். அந்தப் பீரோவிலும் ஃபைவ் எஸ் ஸ்டிக்கர் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு அளவையே இலக்காக ஆக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்பார்கள். இந்தச் சிந்தனைக்கு வேர், 1975-இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது. நம் ஊரில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்று விதி. 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டு, 353 ஆசிரியர்களின் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் காட்டப்பட்டிருப்பதாகக் குற்றம் சாட்டியது. எண்ணைக் கேட்டார்கள், எண் வந்துவிட்டது. ஆசிரியர் வந்தாரா என்பது வேறு கேள்வி.

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தோம். போனஃபைடு சர்டிஃபிகேட் விஷயம். கிளாஸ் அட்வைசர், துறைத்தலைவர், சூப்பரின்டெண்டென்ட், முதல்வர், கடைசியாகத் தாளாளர் என்று ஐந்து மேஜை ஏறி இறங்கி வர நான்கு நாள் ஆகும். ஆபீஸில் இருந்த அக்கா ஒருவர் ஒருநாள் முதல்வரிடமே சொன்னார்: "முக்காவாசி பஸ் பாஸுக்கும் பேங்க் லோனுக்கும்தாங்க சார் கேக்கறாங்க. ஃபீஸ் கட்டிருக்கானான்னு நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுங்க." முதல்வரும் நல்ல மனநிலையில் இருந்தார் போல, சரி என்றார். அன்றிலிருந்து காலையில் கேட்டால் மாலையில் கையில் கிடைத்தது. எந்த கன்சல்டன்ட்டும் வரவில்லை, பத்து பைசா செலவில்லை. சின்னச் சின்னதாகத் தொடர்ந்து மேம்படுத்தும் ஜப்பானிய முறை, கைஸன் என்று தடித்தடியாகப் புத்தகம் போட்டு விளக்குவது இதைத்தான்.

ஒரு செமஸ்டர் ஓடியது. "எனக்குத் தெரியாம என் லெட்டர்ஹெட் வெளிய போகுதா?" என்றார் தாளாளர். மறுபடி ஐந்து மேஜை, நான்கு நாள்.

அடுத்த வருடம் கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்புக்கான வேலை தொடங்கியது. அதற்கான அறிக்கையில், ஆளுகையைப் பற்றிய ஆறாவது பிரிவில், அதிகாரப் பரவலாக்கமும் பங்கேற்பு நிர்வாகமும் எப்படி நடக்கிறது என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். விடிவதற்குள் எழுதித் தரச் சொல்லித் தாளாளரின் உத்தரவு என்னிடம் வந்தது. வேறு உதாரணம் ஏது? போனஃபைடு கதையைத்தான் எழுதினேன். 'நடைமுறையில் உள்ளது' என்று முடித்தேன்.

ஆதாரத்துக்குப் படம் வேண்டுமாம். அக்காவைக் கவுன்டரில் சிரித்தபடி உட்காரவைத்து எடுத்தோம். மூன்று நாளாகப் போனஃபைடுக்கு அலைந்துகொண்டிருந்த பையன் ஒருவன் கவுன்டர் பக்கத்திலேயே நின்றான். ஃப்ரேமில் விழாமல் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா என்று சொன்னவன் நான்தான்.