எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி

2025 ஆகஸ்டில் முகநூலைத் திறந்தாலே இ20 சண்டைதான். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோல். மைலேஜ் குறைகிறது, ரப்பர் வாஷர் போகிறது, லாபம் யாருக்கு என்று ஒரே களேபரம். என்னுடையது 2014 மாடல் பைக் என்பதால் நானும் நாலு கமெண்ட் போட்டேன். அந்தச் சண்டைக்குள் ஒரு தரப்பை மட்டும் யாரும் கூப்பிடவே இல்லை. இந்த எரிபொருள் பற்றிக்கொண்டால் ஓடிவர வேண்டிய தீயணைப்புக்காரர்களை.

எனக்கு இது உறைத்ததே சித்தப்பா சொல்லித்தான். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். டீ குடித்துக்கொண்டே, "பெட்ரோல்னா நுரை அடிச்சு மூடிடுவோம். ஸ்பிரிட்டுக்கு அந்த நுரை நிக்காதுடா" என்றார். அன்றிரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நுரை என்பது பெரும்பகுதி தண்ணீர்தான். பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது என்பதால் அதன் மேல் நுரை போர்வை மாதிரி கிடக்கும். காற்று உள்ளே போகாது. சித்தப்பா ஸ்பிரிட் என்று சொன்ன எத்தனால் அப்படியல்ல, தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். நுரையில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும், போர்வை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோகும். இதற்கென்றே ஆல்கஹாலைத் தாங்கும் நுரை தனியாக இருக்கிறது. அதில் கலந்திருக்கும் பிசின் போன்ற பொருள் எத்தனால் பட்டதும் ஏடு கட்டி நுரையைக் காப்பாற்றும். அதையும் வேகமாகப் பீய்ச்சி உள்ளே சொருகினால் வீண்தான். சுவரிலோ தொட்டியின் பக்கத்திலோ அடித்து மெல்ல வழியவிட வேண்டும்.

வட அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளில் வைத்திருக்கும் அவசரகாலக் கையேட்டில், எத்தனால் 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோலுக்கு ஒரு வழிமுறை, அதைத் தாண்டினால் வேறு வழிமுறை, டேங்கர் பலகையில் போடும் எண்ணும் வேறு. நாம் 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்டோம். 2025-இல் 20-க்கு வந்துவிட்டோம். அந்தக் கையேடு போட்ட கோட்டைத் தாண்டியாயிற்று, நாம் இன்னும் மைலேஜ் கணக்கில் நிற்கிறோம்.

பைக்கில் இருக்கும் ஐந்தாறு லிட்டரை நினைத்து யாரும் அலற வேண்டாம். அதற்கு பங்கில் இருக்கும் உலர்தூள் சிலிண்டரே போதும். என் பயம் லாரியைப் பற்றியது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் அதைப் பெட்ரோல் போகும் குழாயில் அனுப்புவது சிக்கல். ஆகவே ஆலையிலிருந்து டெப்போ வரை பெரும்பாலும் டேங்கரில்தான் போகிறது, அதுவும் பெட்ரோலோடு கலக்காத எத்தனாலாக. 20 சதவீதத்துக்கு ஆண்டுக்கு 1,016 கோடி லிட்டர் தேவை என்று நிதி ஆயோக் கணக்குப் போட்டது. லாரிக்கு 30,000 லிட்டர் என்று வைத்தால் மூன்று லட்சம் நடைக்கு மேல். நெடுஞ்சாலையில் நமக்கு முன்னால் போகிற டேங்கரில் இருப்பது பெட்ரோல்தான் என்று இனிமேல் சொல்ல முடியாது.

எத்தனால் டேங்கர் கவிழ்ந்து பற்றினால் பகல் வெளிச்சத்தில் தீ சரியாகத் தெரியவும் தெரியாது. பள்ளிக்கூட ஆய்வகத்தின் ஸ்பிரிட் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் எரிகிறதா இல்லையா என்று காகிதத்தை நீட்டித்தான் பார்ப்போம். அதே வெளிறிய நீலம், புகையும் குறைவு. சரி, தண்ணீரில் கரைகிறதே, தண்ணீரை ஊற்றினால் என்ன? எரியாத அளவுக்கு நீர்க்க அதைப் போல் நாலைந்து மடங்கு தண்ணீர் வேண்டும். ஒரு தீயணைப்பு வண்டிக்கு 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டேங்கருக்கு முப்பது வண்டி! பள்ளமான இடமென்றால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து ஓடி வேறெங்கோ பற்றவும் செய்யும்.

2009 ஜூன் 19 இரவு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செர்ரி வேலி என்ற ஊர். மழையில் தண்டவாளத்தின் அடி அரித்துப்போய் எத்தனால் ரயில் தடம் புரண்டது, 13 டேங்கர்கள் உடைந்து எரிந்தன. கேட்டில் காரோடு காத்திருந்த ஒரு பெண் இறந்தார். சுமார் 600 வீடுகளைக் காலி செய்தார்கள்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் டேங்கர் பலகையில், தீயை எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும் ஒரு குறியீடு இருக்கும். பெட்ரோலுக்கு 3ஒய்ஈ (3YE). எத்தனாலுக்கு 2ஒய்ஈ, ஆனால் அந்த 2-க்கு முன்னால் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. ஆல்கஹால் தாங்கும் நுரையை எடு என்று அர்த்தம். அந்தப் புள்ளியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவ்வளவு சின்ன இடத்தில் யாரோ தீயணைப்புக்காரனை நினைத்திருக்கிறார்கள்.

இங்கே எந்தெந்த நிலையத்தில் அந்த நுரை எத்தனை லிட்டர் இருக்கிறது, எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று என்ற பட்டியலை அரசு வெளியிட வேண்டும். டெப்போவில் இருந்தால் மட்டும் போதாது, லாரி கவிழ்வது டெப்போ வாசலில் அல்ல.

அப்புறம் ஒன்று. ஸ்பிரிட் லாரி கவிழ்ந்தது என்றதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள் நம்மிடம் உண்டு. அது குடிக்கவே கூடாதது, பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். தள்ளி நின்று 112-ஐக் கூப்பிடுங்கள். "பெட்ரோல் லாரி" என்று ஊகித்துச் சொல்லிவிடாதீர்கள். பலகையில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். 1203 என்றால் பெட்ரோல், 1170 என்றால் எத்தனால். எந்த நுரையை ஏற்றிக்கொண்டு கிளம்புவது என்று அங்கேயே முடிவாகிவிடும்.