பாஸ்டரிடம் கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது?

"உங்க சபை பாஸ்டர் எப்படி?" என்று யாரைக் கேட்டாலும் பிரசங்கத்தைப் பற்றித்தான் பதில் வருகிறது. அருமையாகப் பேசுவார், வசனமெல்லாம் விரல் நுனியில், கேட்டால் அழுதுவிடுவீர்கள். பேச்சு முக்கியம்தான். ஆனால் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணியின், அதாவது சபையை நடத்துகிறவரின், தகுதிகளை அப்போஸ்தலனாகிய பவுல் எழுதும்போது, மேடைத் திறமை என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமை உள்ளவன். மீதி எல்லாம் குணம். அடிக்கிறவனாக, சண்டைக்காரனாக இருக்கக் கூடாது, பண ஆசை கூடாது, பொறுமை வேண்டும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக் கூடாது, சபைக்கு வெளியே இருப்பவர்களும் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும். நாமோ குரலையும் கூட்டத்தையும் முதலில் பார்க்கிறோம். குணம் தெரியவரும் நேரத்தில் சபை பாதி உடைந்திருக்கும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஒரு விஷயத்தைத்தான். சபையில் எந்தச் செல்வாக்கும் இல்லாத ஒரு சாதாரண விசுவாசி, "ஐயா, இது சரியில்லையே" என்று போதகரிடம் சொன்னால் அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு போதகர் இருக்கிறார். பிரசங்கம் சுமார்தான். ஒருமுறை அவர் ஒரு வசனத்துக்குச் சொன்ன விளக்கம் தவறு என்று ஒரு கல்லூரி மாணவி ஆராதனை முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அடுத்த வாரம் பிரசங்கத்தைத் தொடங்கும் முன், "போன வாரம் நான் சொன்னது தவறு, ஒரு தங்கை சுட்டிக்காட்டினார், படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி" என்றார். அவ்வளவுதான், செய்திக்குள் போய்விட்டார். அந்தச் சபையில் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்பதற்குக் காரணம் இந்த மாதிரி நிமிடங்கள்தான். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள், அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது. பவுலுக்கே பொருந்தியது இன்றைய போதகருக்குப் பொருந்தாதா?

கேள்வி கேட்டவரை அடக்குவதற்கு வழக்கமாக எடுக்கப்படும் வசனம் சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே." அபிஷேகம்பண்ணினவர்கள் என்றால் தேவன் தமக்கென்று பிரித்தெடுத்தவர்கள். இந்த வசனம் இப்படிப் பயன்படுத்தப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. தயவுசெய்து 12-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். கொஞ்சம் பேராக, அந்நியராக, தேசம் விட்டுத் தேசம் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு போன்ற முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று ராஜாக்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. பலவீனரைப் பலவானிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தை. அதை எடுத்து, கையில் அதிகாரம் இருப்பவர் கணக்குக் கேட்ட விதவையை மிரட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவை, அவன் அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்பதற்காகத் தாவீது கொல்ல மறுத்தான், உண்மைதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஒளிந்திருந்த கெபியை (குகையை) விட்டு வெளியே வந்து, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று எல்லார் முன்பாகவும் சொன்னான். அதே தாவீது ராஜாவாகித் தவறு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி நேருக்கு நேர் வந்து நின்றான். "நான் அபிஷேகம் பண்ணப்பட்டவன், என்னையா கேட்கிறாய்?" என்று தாவீது கேட்கவில்லை. பாவம் செய்தேன் என்றான். அந்தியோகியாவில், இயேசுவின் சீடனான பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தான். பிற்பாடு பேதுரு தன் நிருபத்தில் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே எழுதுகிறான்.

பண விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்கான, தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட அனுப்பினான். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் சொல்கிறான். "நான் தேவனுக்கு மட்டுமே கணக்கு ஒப்புவிப்பேன்" என்று சொல்லும் போதகர் பவுலைவிட உயர்ந்தவரா?

இன்னொரு விஷயத்தில் எனக்குத் துளிகூடச் சமரசம் கிடையாது. கணவனிடம் அடி வாங்கி வரும் பெண்ணிடம் "கீழ்ப்படிந்து ஜெபம் பண்ணும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர், ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைப் போலீசுக்குப் போகவிடாமல் "சபைக்குள் பேசிக்கொள்வோம்" என்கிறவர், எத்தனை பேரை இரட்சிப்புக்குள் நடத்தியிருந்தாலும் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. எசேக்கியேல் 34-ல் மேய்ப்பர்கள்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டே, எலும்பு முறிந்ததைக் காயங்கட்டவில்லை, பலாத்காரமும் கடுமையுமாய் ஆண்டீர்கள் என்பதுதான். ஒருவர் தனியாக அழுது சொன்னதை, பேரை மட்டும் மறைத்து அடுத்த வாரச் செய்தியில் உதாரணமாக்குவதும் எனக்கு மன்னிக்க முடியாத காரியம். சின்னச் சபையில் பேரை மறைத்து என்ன பயன்?

விசுவாசிகள் பக்கமும் தவறு உண்டு. நடுராத்திரி அழைப்பு, எல்லா வீட்டு விசேஷம், எல்லா மருத்துவமனைப் படுக்கை, எல்லாவற்றுக்கும் ஒரே மனிதர். அவர் மனைவியையும் சம்பளமில்லாத ஊழியராக நினைத்துக்கொள்கிறோம். மோசேயைப் பார்த்து, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், வேலையைப் பகிர்ந்து கொடு என்று அவன் மாமனார் எத்திரோ சொன்னது நம் சபைகளுக்கும்தான். களைத்துப்போனவர் எரிந்து விழுவதையும், அதிகார வெறி பிடித்தவர் மிரட்டுவதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. களைத்தவருக்கு ஓய்வு கொடுங்கள், கூட மூப்பர்களை நிறுத்துங்கள்.

புதிதாக ஒரு சபைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கிருந்து விலகிப் போனவர்களைப் பற்றிப் போதகர் எப்படிப் பேசுகிறார் என்று சில மாதம் கவனியுங்கள். 3 யோவான் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். முதன்மையாயிருக்க விரும்புகிறவன், தனக்குப் பிடிக்காததைச் செய்கிறவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளுகிறவன். விலகினவர் எல்லாரும் கலகக்காரர், பிசாசின் பிடியில் இருப்பவர், சீக்கிரம் சாபம் வரும் என்றே பேச்சு போகிறதென்றால், விலகினவர்களில் இரண்டு பேரைத் தேடிப் போய் அவர்கள் தரப்பையும் கேளுங்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.