உண்மை விளக்கம்: ஃபில் ஜாக்சனை சிகாகோ புல்ஸ் பதவிநீக்கம் செய்ததா?

1998-ல் ஆறாவது சாம்பியன் பட்டம் வென்ற கையோடு பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனை அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸின் பொது மேலாளர் ஜெர்ரி கிரௌஸ் தூக்கியெறிந்தார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. நீக்குவதற்கு ஒப்பந்தமே மிச்சமில்லை. 1997 ஜூலையில் ஜாக்சன் ஒப்புக்கொண்டது ஓராண்டுக்கு மட்டும். இதுவே கடைசி என்று கிரௌஸ் அப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களையும் வென்றாலும் முடிவு மாறாது என்றாராம். பட்டத்துக்குப் பின் உரிமையாளர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் தொடரும்படி கேட்டார், ஜாக்சன்தான் மறுத்தார். அதற்காக கிரௌஸுக்குப் பங்கே இல்லை என்றாகாது. உறவை அந்த அளவுக்குக் கசக்க வைத்ததில் அவர் பங்கு பெரிது.

‘சம்பள உச்சவரம்பில் இடம் பிடிக்கவே இந்த நீக்கம்’ என்ற ஒட்டுக்கதையும் நிற்காது. புல்ஸ் ஆடும் என்பிஏ கூடைப்பந்து லீகில் அந்த வரம்பு ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கே. பயிற்சியாளர் சம்பளம் அதில் சேராது.