டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டுமா?

"டோஸ்ட்மாஸ்டர்ஸ் வெறும் ஆங்கில மேடைப்பேச்சு வகுப்பு, தலைமைப் பண்பு வளர வேலையை விட்டு எம்பிஏ படிக்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, உறுப்பினர்கள் கூடி மேடைப்பேச்சும் தலைமைப் பண்பும் பழகும் இந்த அமைப்பில் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு. கூட்டம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். வகுப்பெடுக்க ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் இன்னோர் உறுப்பினர் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறைகுறை சொல்வார். மனம் நோகாமல் குறையைச் சொல்லப் பழகுவது இருக்கிறதே, அலுவலகத்தில் குழுவை நடத்துபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். அப்புறம், தலைவர், செயலாளர், பொருளாளர் உட்பட மன்றத்தின் 7 பொறுப்புகளையும் உறுப்பினர்களே ஏற்று நடத்துகிறார்கள். பேசத் தயங்குபவர் முதலில் நேரம் குறிப்பவராகத் தொடங்கலாம்.